துன் சம்பந்தன்: பத்து வெள்ளியில் தேடிய சொந்த நிலம்

குளுவாங், ரெங்கம், லாயாங்-லாயாங், கூலாய், லாபிஸ் என்று ஜொகூரின் எந்தப் பக்கம் போனாலும், ஐம்பது வயதைத் தாண்டிய நம்மவர்களிடம் நீங்கள் பிறந்த வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானோர் கையை நீட்டிக் காட்டும் இடத்தில் இன்று செம்பனை நிற்கும், அல்லது தாமான் வீடுகள் வரிசையாக நிற்கும். லயம் இருந்த சுவடே இருக்காது. வீடு இடிந்து போனதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அந்த வீடு ஒருநாளும் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை.

வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போகும். தோட்டத்து வாழ்க்கையின் எழுதாத சட்டம் இதுதான். வயதாகி ஓய்வு பெறும் நாளில் தகப்பனுக்கு இரண்டே வழிகள் இருந்தன. மகனோ மகளோ மரம் சீவும் கத்தியைக் கையில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் குடும்பமே மூட்டை கட்ட வேண்டும். படிப்பை நிறுத்திவிட்டுப் பிள்ளைகள் பெரட்டுக்குப் போய் நின்றதற்குச் சம்பளம் மட்டும் காரணமல்ல, அந்தக் கூரையும் ஒரு காரணம்.

இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டுமென்று முயன்றவர்களில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் துன் வீ.தி.சம்பந்தன். ம.இ.கா. தலைவர், அமைச்சர், நாட்டின் விடுதலைக்கு முன்னின்றவர்களில் ஒருவர் என்று அவரை நாம் அறிவோம். வீடும் நிலமும் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால், இன்றைய ஜொகூர்வாசிக்கும் அதில் பாடம் உண்டு.

சுங்கை சிப்புட்டின் பிள்ளை

திருஞானசம்பந்தன் 1919ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைத்து, ரப்பர்த் தோட்டம் வாங்கும் அளவுக்கு உயர்ந்தவர். கப்பலேறி வந்தவர்களில் மிகச் சிலருக்கே கிட்டிய வாழ்வு அது. ஆகவே சம்பந்தன் லயத்தில் பிறந்த பிள்ளையல்ல, நிலம் உள்ள வீட்டுப் பிள்ளை. கையில் நிலம் இருந்தால் ஒரு குடும்பம் எப்படி நிமிர்ந்து நிற்கும் என்பதைச் சொந்த வீட்டிலேயே பார்த்து வளர்ந்தார்.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் படித்துவிட்டுச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இலக்கியத்தோடு இந்திய விடுதலைப் போராட்டத்தின் சூடும் அவரைத் தொற்றிக்கொண்டது. போருக்குப் பின் ஊர் திரும்பியவர் பொதுப்பணியில் இறங்கினார். 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி பெயரில் தமிழ்ப்பள்ளி எழுந்தது அவர் முயற்சியால்தான். அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

1955இல் அவர் ம.இ.கா.வின் ஐந்தாவது தலைவரானார். அதுவரை கட்சித் தலைமையில் பட்டணத்து ஆங்கிலம் ஓங்கியிருந்தது. சம்பந்தன் வந்த பிறகு தோட்டத்துத் தமிழனுக்குக் கட்சிக்குள் இடம் கிடைத்தது. அதே ஆண்டுத் தேர்தலில் வென்று துங்கு அப்துல் ரஹ்மானின் அமைச்சரவையில் தொழிலாளர் அமைச்சரானார். பின்னர் சுகாதாரம், அதன்பின் நீண்ட காலம் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, இறுதியாகத் தேசிய ஒற்றுமை என்று 1974 வரை அமைச்சராக இருந்தார். 1973இல் பிரதமரும் துணைப்பிரதமரும் ஊரில் இல்லாத வேளையில் தற்காலிகப் பிரதமர் பொறுப்பும் அவருக்கு வந்தது.

வெள்ளைக்காரன் போனான், தோட்டம் துண்டானது

1950களில் சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் பல வெள்ளைக்கார முதலாளிகளுக்கு உள்ளூரக் கலக்கம். ரப்பர் விலை நன்றாக இருக்கும்போதே தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்ப நினைத்தார்கள். வாங்கியவர்களில் பலர் தோட்டம் நடத்த வந்தவர்கள் அல்லர். ஆயிரம் ஏக்கரை மொத்தமாக வாங்கி, ஐந்து ஏக்கர் பத்து ஏக்கராக வெட்டிச் சில்லறையாக விற்று லாபம் பார்த்தவர்கள். இதற்குத்தான் தோட்டத் துண்டாடல் என்று பெயர்.

துண்டு நிலத்தை வாங்கியவருக்கு மருத்துவமனையும் வேண்டாம், தமிழ்ப்பள்ளியும் வேண்டாம், நூறு குடும்பங்களும் வேண்டாம். குத்தகைக்காரர் ஒருவரை வைத்துக் குறைந்த கூலிக்கு மரம் சீவ ஆள் பிடித்துக்கொள்வார். லயத்தில் இருந்தவர்கள் வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கையும் ஒரே நாளில் இழந்தார்கள். போக இடமில்லாதவர்கள் ரயில் பாதை ஓரத்திலும் பட்டணத்துப் புறம்போக்கிலும் பலகையும் தகரமும் கொண்டு குடிசை போட்டார்கள். பிற்காலத்தில் நாம் பார்த்த புறம்போக்குக் குடியிருப்புகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இந்தத் துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தவர் பேராசிரியர் உங்கு அஜிஸ். ஜொகூர் அரச குடும்பத்தின் உறவினர் அவர். தொழிலாளர் தலையில் விழுந்த இழப்பை அந்த அறிக்கை விரிவாகப் பதிவு செய்தது. பின்னாளில் தேசிய நிலச் சட்டத்தில் ஒரு கட்டுப்பாடு சேர்ந்தது. 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்ற, தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பதே அது. ஆனால் சட்டம் வருவதற்குள் துண்டாகிப் போன தோட்டங்கள் ஏராளம்.

பத்து வெள்ளிக் கணக்கு

அரசாங்கம் எல்லாத் தோட்டங்களையும் வாங்கிவிடாது. முதலாளிகளை விற்காதே என்று தடுக்கவும் முடியாது. அப்படியானால் தொழிலாளியே தோட்டத்தை வாங்கினால் என்ன? சம்பந்தன் கண்ட வழி இதுதான். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஒரு பங்கின் விலை 100 வெள்ளி. அதை ஒரே தடவையில் கட்ட வேண்டியதில்லை, மாதம் 10 வெள்ளியாகப் பத்து மாதத்தில் கட்டலாம்.

இன்றைக்குப் பத்து வெள்ளி நமக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போகும். அன்றோ மரம் சீவியவரின் நாள் சம்பளம் சில வெள்ளிகள்தாம். பத்து வெள்ளி என்றால் சில நாள் உழைப்பை அப்படியே எடுத்துக் கொடுப்பது. கடைக்கணக்கும் சீட்டுக்கணக்கும் போக மிஞ்சுவதில்தான் அதையும் கட்ட வேண்டும். காணாத நிலத்துக்காக எந்த நம்பிக்கையில் பணம் கட்டுவது என்ற சந்தேகம் வரத்தான் செய்தது. கூட்டுறவு என்று சொல்லிப் பணம் வாங்கிப் போனவர்களைத் தோட்டம் முன்பே பார்த்திருக்கிறது.

அந்தச் சந்தேகத்தைப் போக்க அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து அறிக்கை விட்டுக்கொண்டிருக்கவில்லை. துணைவியார் தோபுவான் உமாசுந்தரியையும் அழைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போனார். அமைச்சரும் மனைவியும் லயத்து முன்னால் நின்று பேசுவது அந்த மக்களுக்குப் புதுசு. பெண்கள் முன்வந்து பங்கு எடுத்ததற்கு உமாசுந்தரி வீடு வீடாகப் பழகியது பெரிய காரணம்.

1961இல் சங்கம் தன் முதல் தோட்டத்தை வாங்கியது. கெடாவில் உள்ள புக்கிட் சீடிம் தோட்டம் அது, ஏறக்குறைய 3,000 ஏக்கர். கூலியாக வந்தவர்களின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள் என்ற செய்தி தெற்கே ஜொகூர் வரை பரவியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் தோட்டங்களின் எண்ணிக்கை பத்தைத் தாண்டியது, உறுப்பினர்கள் பல்லாயிரமாகப் பெருகினார்கள். சங்கம் வாங்கிய தோட்டம் துண்டாகவில்லை. அங்கே லயம் காலியாகவில்லை, பள்ளி மூடப்படவில்லை. ஆண்டு முடிவில் பங்கு லாபமும் வந்தது. சொன்னதைச் செய்து காட்டினார் என்று சொல்ல இதற்கு மேல் சான்று தேவையில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் மன்றம் இல்லை

இதே காலத்தில் நடந்த இன்னொரு சங்கதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பட்டணத்தில் குப்பை எடுப்பது, கால்வாய் வெட்டுவது, தெருவிளக்கு போடுவது, வீடு கட்ட அனுமதி தருவது எல்லாம் ஊராட்சி மன்றத்தின் வேலை. தோட்டமோ தனியார் நிலம். மன்றத்தின் கை தோட்டத்து வேலியோடு நின்றுவிடும். உள்ளே தண்ணீர் வந்தாலும் தொரை தர வேண்டும், வராவிட்டாலும் தொரையிடம்தான் கேட்க வேண்டும். கிராமப்புற மேம்பாட்டுக்கு அரசு ஒதுக்கிய பணமும் இதே காரணத்தால் தோட்டத்துக்குள் நுழையவில்லை. கம்பத்துக்கு ரோடு வரும், பக்கத்துத் தோட்டத்துக்கு வராது.

1966இல் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரம் வகுக்கும் சட்டம் வந்தது. வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீரும் கழிப்பறையும் எப்படி அமைய வேண்டும் என்று அது முதலாளிக்குக் கடமை விதித்தது. நல்ல சட்டம்தான், 1990இல் அது விரிவாக்கவும் பட்டது. ஆனால் அது தொழிலாளிக்கு நல்ல வீட்டைக் கேட்கும் உரிமை தந்ததே தவிர, வீட்டின் மீது உரிமை தரவில்லை.

ஊராட்சி மன்றங்களும் அந்நேரம் தடுமாறிக்கொண்டிருந்தன. இந்தோனேசியாவின் கொன்ஃபிரன்தாசி நெருக்கடியைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. 1966இல் ஜொகூர் பாரு நகர மன்றமும் பத்து பகாட் நகர மன்றமும் மாநில அரசின் கைக்குப் போயின. மன்றங்களின் செயல்பாட்டை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் தலைவர் நம்மவர், செனட்டர் ஆதி நாகப்பன். 1968இல் முடிந்த அவரது அறிக்கை, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றங்கள் திரும்ப வர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தோடு நியமன உறுப்பினர் முறை நிலைத்துவிட்டது.

அந்த ஆண்டுகளின் பெரும்பகுதி சம்பந்தன் அமைச்சரவையில்தான் இருந்தார். பட்டணத்து மன்றத்துக்கும் தோட்டத்து லயத்துக்கும் நடுவே இருந்த வேலி அவர் காலத்திலும் அகலவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இலங்கை மலையகத்திலும் இதே கதைதான். 1987இல் வந்த பிரதேச சபைச் சட்டத்தின்படி, சபைகள் தோட்டங்களுக்குள் சேவை செய்ய முடியாமல் இருந்தது. 2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அங்கே இப்போது இந்திய உதவியோடு லயத்துக்குப் பதில் தனி வீடுகள் கட்டப்படுகின்றன. வேலையோடு கட்டிப்போட்ட வீட்டை வேலையிலிருந்து பிரித்தெடுக்க அங்கேயும் தலைமுறைகள் ஆகியிருக்கின்றன.

நிறையும் குறையும்

சம்பந்தனைப் பற்றி எழுதும்போது குறையைச் சொல்லாமல் விட்டால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. கூட்டுறவுச் சங்கம் தோட்டத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் பங்கு வாங்கியவர் தோட்டத்துக்குப் பங்காளி ஆனார், தான் குடியிருந்த வீட்டுக்குப் பட்டாதாரர் ஆகிவிடவில்லை. சங்கம் வாங்கிய தோட்டத்தில் குடியிருந்தவருக்கு நிம்மதி கிடைத்தது. மற்றத் தோட்டத்தில் இருந்துகொண்டு பங்கு கட்டியவரின் லயம் பழையபடி முதலாளியின் லயமாகவே இருந்தது. நாடு முழுக்கத் துண்டான நிலத்தோடு ஒப்பிட்டால் சங்கம் மீட்டது சிறு பங்குதான்.

1956இல் தொடங்கிய ஃபெல்டா குடியேற்றத் திட்டம் ஜொகூரில் பெரிய அளவில் வளர்ந்தது. நிலமில்லாதவருக்கு நிலமும் வீடும் தந்த திட்டம் அது. காட்டை அழித்து ரப்பர் வளர்க்கத் தெரிந்த நம் தோட்டத் தொழிலாளர்கள் அதில் மிகச் சொற்பமாகவே இடம் பெற்றார்கள். இதைத் தலைமை இன்னும் அழுத்திக் கேட்டிருக்க வேண்டும் என்ற விமர்சனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் வேலை அனுமதிச் சட்டம் வந்து, சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் பலர் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்து கப்பலேறினார்கள். அதையும் அவரால் தடுக்க முடியவில்லை.

கட்சிக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1973இல் தலைமையை வெ.மாணிக்கவாசகத்திடம் ஒப்படைத்து விலகினார். ஆனால் கூட்டுறவுச் சங்கத்தை விடவில்லை. பதவி போனபின் பொதுப்பணியும் போய்விடும் தலைவர்களுக்கு நடுவே இது குறிப்பிட வேண்டியது. வசதியான குடும்பத்தில் பிறந்து அரசியலுக்கு வந்த அவர், சொத்தைச் சேர்த்துவிட்டுப் போனவரல்ல, செலவழித்துவிட்டுப் போனவர். 1979 மே 18ஆம் தேதி, அறுபது வயது நிறையும் முன்பே காலமானார். அவருக்குப் பின் உமாசுந்தரி சங்கத்தின் தலைமையை ஏற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று ஜாலான் துன் சம்பந்தன்.

ஜொகூரில் மிச்சமிருக்கும் கணக்கு

அவர் மறைவுக்குப் பின் வந்தது இரண்டாவது அலை. முதல் அலையில் தோட்டம் துண்டானது, இரண்டாவது அலையில் தோட்டமே பட்டணமானது. ஜொகூர் பாருவைச் சுற்றியும், தெப்ராவ், பிளெந்தோங், கூலாய் பக்கமும் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களில் தாமான்களும் தொழிற்பேட்டைகளும் எழுந்தன. தோட்டத்தில் இருந்தவர்கள் ஆலைத் தொழிலாளர்களாகவும், விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்களாகவும் மாறினார்கள். வேலைக்கும் வீட்டுக்கும் இருந்த முடிச்சு ஒருவழியாக அவிழ்ந்தது. ஆனால் வீடு கைக்கு வரவில்லை, வாடகைதான் வந்தது.

1980களின் தொடக்கத்தில் அரசு ஒரு கொள்கை வகுத்தது. வீடமைப்பு நிறுவனங்கள் கட்டும் வீடுகளில் 30 விழுக்காடு மலிவு விலை வீடுகளாக இருக்க வேண்டும், ஒரு வீட்டின் விலை 25,000 வெள்ளி என்பது அது. அந்த வகையில் வீடு வாங்கித் தலைநிமிர்ந்த நம் குடும்பங்கள் உண்டு. மாநில அரசின் பதிவில் பெயர் கொடுக்காமல், தவணை தவறி, பாரம் நிரப்பத் தெரியாமல் அந்த வாய்ப்பை நழுவவிட்டவர்களும் உண்டு. பிறகு விலைகள் ஏறின, மலிவு வீட்டுக்குப் புதுப்புதுப் பெயர்கள் வந்தன. 

நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ளவை. தோட்ட நிலத்தை வீடமைப்பு நிலமாக மாற்ற மாநிலத்தின் ஒப்புதல் வேண்டும், கட்டுமானத்துக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். எந்த நிலம் எதற்கு என்று மன்றம் வகுக்கும் வரைவுத் திட்டத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் சொல்கிறது. ஆட்சேபம் தெரிவிக்கவும் காலம் தரப்படுகிறது. அந்தக் காலக்கெடுவுக்குள் நம்மில் எத்தனை பேர் மன்றப் படியேறுகிறோம்? தோட்டம் கைமாறிய பிறகு, புல்டோசர் வந்து நின்ற பிறகு, கோயில் முன்னால் கூடி நிற்கத்தான் நமக்குத் தெரிந்திருக்கிறது. மாற்று வீடு கேட்க வேண்டிய நேரம் நில மாற்ற மனு போகும் நேரம். அப்போது கேட்டால் அது நிபந்தனை ஆகும். பிறகு கேட்டால் அது கருணை மனு.

கூலிக்கு மரம் சீவியவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டி ஒரு தோட்டத்தையே வாங்கினார்கள் என்பது நம் ஊரில் உண்மையாக நடந்த கதை. அதற்கு ஒரு தலைவரின் கால் நடந்தது, ஆயிரக்கணக்கான கைகள் மடியிலிருந்து பணம் எடுத்தன. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அது நடந்திருக்காது.

உங்கள் வீட்டு அலமாரியில், அப்பாவின் பழைய காகிதங்களுக்கு நடுவே, அந்தச் சங்கத்தின் பங்குச் சீட்டு ஒன்று இன்னும் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சொந்த நிலத்துக்காக அவர் கட்டிய முதல் தவணை அது.